இலை மறைக்காத படம்

மேனுகாவை இரண்டாவது சாறி மாற்றவென்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய பிள்ளையானவளுக்குச் செய்கிற சாமத்திய வீட்டில் இந்த இடைவெளி அரை மணித்தியாலத்துக்குக் குறையாது என்பது பன்னிரண்டு வருடமாக படம் பிடிக்கிற இந்தத் தொழிலில் கிடக்கிற எனக்குத் தெரியாததா? பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, யாரோ நீட்டிய சோடாவை ஒரே இழுவையில் குடித்துவிட்டு, காலையில் எடுத்த படங்களைக் கமராவின் திரையில் தட்டத் தொடங்கினேன். இங்கே வந்ததிலிருந்தே அதற்காகத்தான் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வார்க்கும்போதும், மாமன் தேங்காய் உடைக்கும்போதும், என் கண் இங்கே கொக்கட்டிச்சோலையில் இருந்ததே தவிர புத்தி தன்னாமுனை வாவிக்கரைப் பன்புல்லுக்குள்தான் நின்றது.

படங்கள் என்றால் படங்கள்! மஞ்சள் குருகு ஒன்று. அதன் காலடியில் மூன்று குஞ்சுகள், நேற்றுத்தான் முட்டையை உடைத்துக்கொண்டு வந்தவை போல, தலையில் நாலு மயிரோடு. தாயின் கழுத்துக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். குஞ்சின் வாய்க்குள் இருக்கிற இளஞ்சிவப்புகூடத் தெரிகிறது. இத்தனை வருடமாக வாடகை லென்ஸிலும் ஓட்டை லென்ஸிலும் நான் எடுத்ததெல்லாம் குருகே இல்லை என்று தோன்றியது. திரையை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். முன்னால் ஒரு துண்டு இலை இல்லை. இவ்வளவு துப்புரவான படத்தை இந்த வாவிக்கரையில் எவனும் எடுத்திருக்க மாட்டான் என்று நினைத்து வாயெல்லாம் பல்லாக இருந்தவன், அப்படியே உறைந்துபோனேன். ஏன் இலை இல்லை? அந்தக் கூட்டுக்கு மேலே குடை பிடித்தாற்போல ஒரு கண்ணாமரக் கிளை இருந்ததே? அதைத் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நூலால் வளைத்துப் பின்னுக்குக் கட்டினது நான்தானே? அவிழ்த்தேனா?

கடைசிப் படம் வரைக்கும் தட்டினேன். எட்டு நாற்பத்தொன்று. அதிலும் இலை இல்லை. அதற்குப் பிறகு இருந்த படம் மேனுகாவின் தலையில் பால் அறுகு வைக்கிற படம்.

இந்தக் கட்டுகிற வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருவிப் படம் எடுக்கிற ஆட்கள் வெளியில் சொல்லாத வேலை இது. கூடு வைக்கிற பறவை புத்தியோடுதான் வைக்கும். மறைப்பும் நிழலும் பார்த்து வைக்கும். நமக்கு அந்த மறைப்புத்தான் இடைஞ்சல். வெட்டினால் பாவம் என்று கட்டுவோம். கட்டிவிட்டுக் கால் மணித்தியாலத்துக்குள், வெயில் ஏற முதல், அவிழ்த்துவிட வேண்டும். கட்டினவனே அவிழ்க்க வேண்டும். இது எனக்கும் ஹமீட்டுக்கும் இடையில் இருக்கிற சட்டம். ஹமீட்டுக்கு ஏறாவூரில் புடவைக்கடை. கடையில் நிற்கிற நேரத்தைவிட வாவிக்குள் முழங்கால் சேற்றில் நிற்கிற நேரம் கூட என்று அவன் மனைவி சஹ்லா பேசுவாள். பேசினாலும் சாப்பாடு கட்டித் தருவாள். லென்ஸ் அவனுடையது. கட்டாரிலிருந்து அவன் தம்பி கொண்டுவந்து கொடுத்து மூன்று நாள்தான். அதன் பெட்டி மணம்கூடப் போகவில்லை. இன்றைக்குக் காலை அவன் பத்துப் படம் எடுத்திருப்பானோ என்னவோ, கடையிலிருந்து போன் வந்துவிட்டது.

"சாமான் வந்து இறங்குதாம் மச்சான். நான் போறன். இத நீயே வெச்சு எடு, பின்னேரம் வந்து வாங்குறன்," என்று குழந்தையைத் தருவது போல லென்ஸைத் தந்தான். நாலடி போய்த் திரும்பி, "கட்ட அவுத்துட்டுப் போ, என்ன?" என்றான்.

"அத நீ எனக்குச் சொல்லோணுமாடா?" என்றேன் நான். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அதன் பிறகு நான் மனிதனாக இருக்கவில்லை. கால் மணித்தியாலம் ஒரு மணித்தியாலமானது. தாய் இரை கொண்டு வருவதும், குஞ்சுகள் அதன் சொண்டைப் பிடித்துத் தொங்குவதும், நான் படமாகச் சுட்டுத் தள்ளுவதுமாக இருந்தேன். அப்போதுதான் மேனுகாவின் தாய் வதனி போன் எடுத்தாள். "தம்பி, எங்க நிக்கிறீங்க? புள்ளைக்குத் தண்ணி வாக்கப் போறம். நீங்க வரல்லியே!" நான் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடின ஓட்டம் நினைவிருக்கிறது. வலையிறவுப் பாலத்தில் மோட்டார்சைக்கிளை முறுக்கினது நினைவிருக்கிறது. நூலை அவிழ்த்தது மட்டும் நினைவில்லை. நினைவில்லை என்பதும் பொய். அவிழ்க்கவில்லை என்று தெரியும்.

மணி பதினொன்று ஐம்பது. பந்தலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். ஆனி மாதத்துக் கச்சான், சும்மா வீசுகிற காற்றா அது? அடுப்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறது. கோழிகள் வாயைத் திறந்துகொண்டு வாழைக்குக் கீழே கிடந்தன. மூன்று மணித்தியாலமாக அந்தக் குஞ்சுகளின் மொட்டை உடம்பில் இந்த வெயில் நேரே விழுகிறது.

ஹமீட்டுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் உறைத்தது. குளித்து உடுத்து ஜும்மாவுக்குப் போயிருப்பான். போனைக் கடை மேசை லாச்சியில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவனுக்கு. ஒரு மணிக்கு முதல் கிடைக்க மாட்டான். வேறு யார்? இடத்தை யாருக்கும் சொல்லவில்லையே. கூடு கண்ட இடத்தைச் சொந்தத் தம்பிக்கும் சொல்லாத சாதி நாங்கள்.

ஒருவர் இருந்தார். விஜிதரன் சேர். தன்னாமுனையிலேயே வீடு. எங்கள் பறவைப் பட வட்சப் குழுவின் தலைவர் மாதிரி. அவர் வீட்டிலிருந்து கூட்டுக்குப் பத்து நிமிடம் காணும். சேருக்கு எழுதினேன்: 'சேர், உங்கட கரைப் பன்புல்லுக்குள்ள ஒரு குருகுக் கூடு. பக்கத்துக் கண்ணாக் கொப்பு ஒண்டு கட்டிக் கிடக்கு. சுறுக்காப் போய் அறுத்து விடுங்க.' எழுதிவிட்டு அனுப்புகிற அம்புக்குறிக்கு மேலே விரலை வைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் இதே சேர்தான் குழுவில் ஒரு முழநீளத்துக்கு எழுதினார். கூட்டில் கை வைக்கிறவன், கிளையைக் கட்டுகிறவன் கமரா தூக்கவே தகுதியில்லாதவன் என்று. அதற்கு முதலாவதாகக் கைதட்டல் போட்டவன் நான். எண்பது பேர் பார்க்கப் போட்டேன்.

அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ஒரு மணித்தியாலத்தில் ஹமீட் கிடைத்துவிடுவான், தாய் வந்து செட்டையை விரித்து மறைத்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கேவலமான ஆள் நான்.

"தம்பி, என்ன யோசிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க? லைட்டப் போடுங்க, ஆராத்திக்கு நேரம் போகுது," என்று வதனி வந்து நின்றாள். அவளுக்கு இந்த ஒரு பிள்ளைதான். புருஷன் சவூதியில். வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதற்காகப் போனை ஒரு தாங்கியில் வைத்து மணவறைப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

மேனுகா சிவப்புச் சாறியில், தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாக வந்து உட்கார்ந்தாள். பதின்மூன்று வயது. பெரிய விளக்குகள் இரண்டையும் அவள் முகத்துக்கு நேரே எரியவிட்டேன். பெண்கள் சோடி சோடியாக வந்து ஆராத்தி சுற்றினார்கள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு படம். "இஞ்ச பாருங்க... சிரிங்க... இன்னொண்டு." வாய் தன்பாட்டில் சொன்னது. கண் கைக்கடிகாரத்துக்கும் போனுக்கும் ஓடியது. இடைக்கிடை ஹமீட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. படத்தில் ஒரு மாமியின் தலையை வெட்டிவிட்டேன்; இன்னொரு சோடியை எடுக்கவே மறந்து, மறுபடி சுற்றச் சொல்லிப் பேச்சும் வாங்கினேன்.

"மாமா," என்றாள் மேனுகா உதடு அசையாமல். "அந்த லைட்ட ஒள்ளுப்பம் அங்கால திருப்புங்களன். மூஞ்சி எரியுது."

"கொஞ்சம் பொறு புள்ள, படம் வடிவா வரோணும் தானே," என்றாள் வதனி.

நான் இரண்டு விளக்கையும் அணைத்தேன். "ஏன் தம்பி?" என்று கேட்டார்கள். "இது காணும்," என்றேன். குரல் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனுகாவின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. எனக்கு அழுகை வந்தது. சாமத்திய வீட்டில் படக்காரன் அழுதால் எப்படி இருக்கும்? திரும்பி நின்று பற்றரி மாற்றினேன்.

ஒன்று பத்துக்கு ஹமீட்டே போன் எடுத்தான். "என்ன மச்சான், பன்னெண்டு தரம் அடிச்சிரிக்கா?"

சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உனக்கு எத்தின மணிக்குத் தெரியும்?"

"பன்னெண்டுக்கு முந்தி."

"விஜிதரன் சேருக்குச் சொன்னியா?"

என் பதிலுக்கு நிற்காமல் அவன் போனை வைத்துவிட்டான்.

வதனியிடம் போய், சாப்பாட்டு நேரந்தானே, இரண்டு மணித்தியாலத்தில் வந்துவிடுகிறேன் என்றேன். "இதென்ன கூத்து தம்பி! ஆக்கள் குடும்பப் படம் எடுக்கக் காத்துக்கிட்டு நிக்காங்க. எங்க போறீங்க?" என்றாள். உயிர் போகிற விசயம் என்றேன். யாருடைய உயிர் என்று கேட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் அவள் பேசுவது படலை வரைக்கும் கேட்டது. அவளில் ஒரு பிழையும் இல்லை.

தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. வயலில் வெட்டு முடிந்த ஒட்டுக்கட்டை வெயிலில் கண்ணைக் குத்தியது. வவுணதீவு தாண்டி, பாலம் தாண்டி, நகரத்துக்குள் சிக்னலில் நின்ற ஒரு நிமிடம் ஒரு வருடமாக இருந்தது. போனை அணைத்துவிட்டேன். கடவுளே கடவுளே என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், வாய் காய்ந்தபோதுதான் தெரிந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தன்னாமுனைக் கரையில் இறங்கினேன். ஹமீட் தண்ணீருக்குள் நின்றான். ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரனும் இடுப்பு வரைக்கும் சேறு. தொப்பி இன்னும் தலையில் இருந்தது. நூலை அறுத்திருந்தான். ஆனால் நான் காலையில் எவ்வளவு முரட்டுத்தனமாக வளைத்திருக்கிறேன்! கிளை அடியில் பிளந்திருந்தது. அவிழ்த்தும் அது பழைய இடத்துக்கு வரவில்லை. இலையெல்லாம் சுருண்டு, கூட்டுக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் பன்புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிக் கூட்டைச் சுற்றி நட்டுக்கொண்டிருந்தான். நட்டதைக் காற்று சாய்த்தது. மறுபடி நட்டான்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு குஞ்சுகளின் கழுத்து கூட்டின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. ஒன்றின் கண்ணில் எறும்பு. மூன்றாவது நடுவில் கிடந்தது. உயிரோ இல்லையோ தெரியவில்லை.

"மச்சான்..." என்றேன்.

"கதைக்காத. அந்தப் பக்கம் ஊன்று," என்றான்.

இரண்டு பேருமாக ஊன்றினோம். உள்ளங்கையளவு நிழல் விழுந்தது. குஞ்சின் மேல் பாதிக்கு விழுந்தது, பாதிக்கு விழவில்லை. இனி நாங்கள் நிற்கக் கூடாது. நின்றால் தாய் வராது. தாய் வராவிட்டால் இந்த நிழலால் ஒரு பலனும் இல்லை. அது வந்து செட்டையை விரித்து நின்றால்தான் உண்டு. முப்பது நாற்பது அடி பின்வாங்கி, ஒரு கண்ணாப் பற்றைக்குப் பின்னால் தண்ணீரிலேயே குந்தினோம்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "லென்ஸ எடு," என்றான். "மூச்சு இரிக்கா பாரு."

வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. பையைத் திறந்து லென்ஸை மாட்டினேன். மாட்டுவதற்கு இரண்டு தரம் தவறியது. கண்ணை வைத்தேன். பன்புல், கூடு, செத்ததுகளின் கழுத்து. நடுவில் கிடந்ததின் வாய் திறந்திருந்தது. தொண்டைத் தோல் துடித்துக்கொண்டிருந்தது. வெயில் தாங்காத குருகு அப்படித்தான் தொண்டையை ஆட்டும்.

"இரிக்கு," என்றேன். "இரிக்குடா."

"யா அல்லாஹ்," என்றான் மெதுவாக.

எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. கால் மரத்துவிட்டது. பிறகு பன்புல் அசைந்தது. தாய். தண்ணீரில் இறங்காமல், ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டைக் காலால் பிடித்துப் பிடித்து வந்தது. நாங்கள் நட்ட புல்லின் முன்னால் நின்று தலையைச் சரித்துப் பார்த்தது. புதுசாக இருந்தது போல. மறுபடி ஓரடி. கூட்டின் விளிம்பில் ஒரு காலை வைத்தது. குஞ்சு தலையைத் தூக்க முயன்றது. தாயின் கழுத்து அதை நோக்கி வளைந்தது. வெளிச்சம் இரண்டின் மேலும் ஒன்றாக விழுந்தது. வா, வா, வந்துவிடு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை எனக்கு.

சடசடசடவென்று கேட்டது. என் விரல்தான். இருபது படமாவது இருக்கும்.

தாயின் கழுத்து விசுக்கென்று வானத்துக்கு நிமிர்ந்தது. பயந்தால் குருகு தானும் ஒரு பன்புல்லாகிவிடும். விளிம்பில் வைத்த காலைத் தூக்கிக்கொண்டது.

ஹமீட் சேற்றுக் கையை நீட்டி லென்ஸின் வாயைப் பொத்தினான். எல்லாம் இருண்டது. நான் கமராவை இறக்கினேன். அவ்வளவு தூரத்தில் குஞ்சு தெரியவில்லை. வெயிலுக்குள் ஒரு மஞ்சள் கோடு மட்டும், ஒற்றைக் காலில், உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் நின்றது.