பக்க நம்பர் இல்லாத ஆதாரம்

கட்டுரையின் தலையில் சிவப்பு மையில், 'எங்கிருந்து காப்பி அடித்தாய்?' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சுயம்புவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அவன் ஆங்கிலத்தைத் திருட்டுப் பொருள் என்று இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அந்த லட்சணத்து ஆங்கிலத்தைப் பறிகொடுக்க யார் இருக்கிறார்கள்? மாட்டுங்கா ஸ்டேஷன் பாலம் ஏறும்போதுதான் கோபம் வந்தது. அவனுக்கு எல்லாமே பாதி வழியில்தான் உறைக்கும். அப்படியே திரும்பிக் கல்லூரிக்கு நடந்தான்.

'பம்பாயில் ஒரு தொழில்' என்பது முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்த தலைப்பு. மற்றவர்கள் பஞ்சாலை, துறைமுகம் என்று நூலகத்துக்கு ஓடினார்கள். சுயம்பு தாராவியை விட்டு நகரவில்லை. அவன் அப்பா பூதத்தான் இருபத்திரண்டு வருடமாகத் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழிக்குள் நிற்பவர். ஆட்டுத்தோல் எத்தனை நாள் ஊறும், மழைக்காலத்தில் எத்தனை நாள் கூடும், முடி கழன்றதைக் கை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருந்தான்.

கட்டுரையைத் திருத்திய பேராசிரியர் சந்திரமௌலி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு விவரம் எந்தப் புஸ்தகத்துலேப்பா இருக்கு?"

"எங்கப்பா சொன்னது சார்."

"அப்பா எந்த இன்ஸ்டிட்யூட்ல இருக்கார்?"

"குழியில சார்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"யார் சொன்னா, எங்கே, எத்தனாம் பக்கம்னு ஒவ்வொண்ணுக்கும் கீழே ஃபுட்நோட் போடணும். அதுதான் ஆராய்ச்சி. திங்கட்கிழமை ஆதாரத்தோட வா. இல்லேன்னா ஸைபர். ஸைபர்னா டேர்ம் கிடையாது, வருஷப் பரீட்சைக்கு உட்கார முடியாது."

நூலகத்தில் ஒரே ஒரு புத்தகம் அகப்பட்டது. யாரோ ஒரு துரை எழுதியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்: ஆட்டுத்தோலுக்குச் சுண்ணாம்பில் ஐந்து நாள். சுயம்பு மழைக்காலத்துக்கு எட்டு என்று எழுதியிருந்தான். எட்டை அடித்து ஐந்து போட்டுப் பக்கத்தையும் குறித்துவிட்டால் தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவிடம் கேட்டான்.

"அஞ்சு நாளா? அந்தத் தொரைய ஒரு மழைக்கு இங்க வரச் சொல்லுலே. அஞ்சாம் நாள் எடுத்தா முடி ஒன் தலையில நிக்க மாதிரில்லா நிக்கும்!"

சுயம்புவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. தப்புக்குப் பக்க நம்பர் இருந்தது. அப்பாவுக்கு இல்லை. எட்டை அடிக்கவில்லை. கட்டுரையின் அடியில் கோடு கிழித்து, 'பூதத்தான், சுண்ணாம்புக் குழி, தாராவி' என்று எழுதினான். பக்கம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"என்னலே முழிக்க?"

"நீங்கதான் சொன்னீயன்னு சாட்சி கேக்காரு யப்பா."

"பேர மட்டும் எழுதுனா எவன் நம்புவான்? ரேஷன் கார்டுக்கே கைநாட்டு கேக்கான். கொண்டா இங்க."

பேனா மையைக் கட்டைவிரலில் தடவி, பத்திரத்தில் வைப்பது போல நிதானமாக உருட்டி அழுத்தினார். எடுத்தால் ஒரு நீலத் திட்டு. ரேகை இல்லை. "மை சாஸ்தியாயிட்டு" என்று பனியனில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு இடது கை. பிறகு மை கொஞ்சமாய். நான்கு திட்டுகள், நான்கிலும் ஒரு கோடு கிடையாது. விரல் ரேகை அத்தனையையும் சுண்ணாம்பு தின்றிருந்தது. மூன்று பக்கத்தில் சுயம்பு எழுதாமல் விட்டது இது ஒன்றைத்தான்.

"தாள் பாழாப் போச்சேலே. வேற எடு."

"இதே இருக்கட்டும் யப்பா."

திங்கட்கிழமை சந்திரமௌலி தாளை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னது, மை கொட்டிடுத்தா?"

"ஃபுட்நோட் சார். எங்கப்பா கைநாட்டு."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்து ஓய்ந்தது. அவர் இன்னும் அந்த நீலத்துக்குள் ஒரு கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.