பிஸீன் தண்ணீர்

அஞ்சலாட்சி தன் ஒற்றைத் தோட்டைக் கழற்றிச் சந்தனக் கல்லில் இழைத்துக்கொண்டிருந்தாள். தங்கம் எங்கே கரையப்போகிறது. ஆனாலும் ராஜாம்பாள் அத்தை போதும் என்று சொல்லும்வரை இழைத்தாக வேண்டும். கட்டிலில் அப்பா ஆதிமூலத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மூச்சு போகவும் இல்லை, ஒழுங்காக வரவும் இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் போதும்ப்பா, விட்டுடுங்க என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஏதோ ஓர் ஆசை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது அத்தையின் தீர்ப்பு. ஆசைப்பட்டதைக் கரைத்து வாயில் ஊற்றினால் சுலபமாகப் பிரிந்துவிடும். முதலில் மண். அப்பா எப்போதோ விற்ற அரியாங்குப்பத்து மனையிலிருந்து, அஞ்சலாட்சியின் கணவன் செல்வகுமார் பைக்கில் போய் ஒரு பிடி அள்ளிவந்தான். மனையில் இப்போது மூன்று மாடி நின்றதால், வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில்தான் அள்ள முடிந்தது. அதை அவன் மனைவியிடம் மட்டும் சொன்னான். மண்ணுக்கு அடுத்தது பொன். தோடு இழைத்த தண்ணீரும் கடைவாயில் வழிந்து தலையணைக்குப் போய்ச் சேர்ந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் தெய்வசிகாமணி. அவர் தெருவில் ஒரு சங்கத்துக்குத் தலைவர். என்ன சங்கம் என்று யாரும் கேட்டதில்லை. சாவு வீட்டுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிடுவது அவர் வழக்கம். "மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல. பிஸீன்."

அறையில் எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது.

அஞ்சலாட்சியின் அண்ணன் கமலக்கண்ணன், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவன். பெல்ஜியம் எல்லையோரம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் ஒரு பழைய வீடு வாங்கினான். பின்பக்கம் நீச்சல் குளம். அப்பா நீச்சல் குளம் என்று சொல்லமாட்டார். பிரெஞ்சில் பிஸீன் என்று சொன்னால்தான் அவருக்கு அதில் தண்ணீர் நிற்கும். வீடு இருந்த நெல்லித்தோப்பில் அதைக் கேட்காத காது இல்லை. ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில், ஏன், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதுகூட அவர் பிஸீனுக்குத்தான் வாயைத் திறந்தார்.

ஒரு நவம்பரில் மகன் அவரை அழைத்துப் போனான். இருந்த நாள் முழுக்கக் குளத்தின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. அதன் ஓரம் நாற்காலி போட்டு, குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக அப்பா உட்கார்ந்திருக்கும் போட்டோ சாமி படங்களுக்கு நடுவே சீரியல் விளக்கோடு மின்னுகிறது. உள்ளே கடல் மாதிரி நீலம் என்று வந்தவர்களிடம் சொல்வார். கடல் இந்த வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். அதை அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

மூன்று வேளையும் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, துணி மாற்றியவள் என்ற முறையில், அப்பாவின் ஆசைகளில் தனக்கும் ஓர் ஓரம் இருக்குமோ என்று அஞ்சலாட்சிக்குத் தோன்றியது. இருந்தாலும் அதைக் கரைத்து ஊற்ற வழியில்லை.

மளமளவென்று உத்தரவுகள் பிறந்தன. செல்வகுமார் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீஷியன். அந்த ஹோட்டல் குளத்திலிருந்து ஒரு பாட்டில் பிடித்துவர அவன் போனான். பிஸீன் எங்கே இருந்தாலும் பிஸீன்தான் என்று தெய்வசிகாமணி ஒப்புதல் தந்திருந்தார். கமலக்கண்ணன் வீடியோவில் குளத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்றாள் அத்தை. அஞ்சலாட்சி போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இங்கே மதியம், அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அஞ்சல, அது வேணாம்" என்றான் அண்ணன். "போன குளிர்ல பம்பு வெடிச்சிடுச்சி. மாத்தவே இல்ல. உள்ள குட்டை மாரி கெடக்குது."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"எங்க சொல்றது. போன எடுத்ததும் பிஸீன் எப்படி இருக்குதுன்னுதான் கேப்பாரு. நான் எப்படி இருக்கன்னு அதுக்கப்புறம்தான். சில நாள் அதுவும் மறந்துடும்."

உள்ளேயிருந்து இழுப்பு கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இந்த இழுப்ப என்னால கேக்க முடியலண்ணே" என்றாள். "தொற."

போனோடு அவள் அறைக்குத் திரும்பியபோது செல்வகுமார் பாட்டிலோடு வந்துவிட்டான். அத்தை அஞ்சலாட்சியிடம் கரண்டியை நீட்டினாள். மூடியைத் திறந்ததும், தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போன நாளின் வாடை அறை முழுக்கப் பரவியது. கரண்டி அப்பாவின் உதடுவரை போய் நின்றது.

"மருந்து வாடை அடிக்குது அத்தே."

"சாவப்போறவர மருந்து என்னா பண்ணிடும்?" என்ற தெய்வசிகாமணி, சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி கரண்டியைக் கீழே வைத்தாள். கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். அண்ணன் அனுப்பிய கம்பளிக் காலுறையை அப்பா இந்த ஊர் வெயிலிலும் கழற்றியதில்லை. அதை உருவினாள். காலிரண்டும் ஊறிய அரிசியைப்போல வெளுத்துக் கிடந்தன. பாட்டிலைச் சரித்து மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது. போனை அத்தை வாங்கி அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

திரையில் கமலக்கண்ணன் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மேலே படிந்திருந்த பனிக்கட்டி பிளந்து சரிந்தது. ஒரு மூலை விலகியது. அடியில் கறுப்பும் பச்சையுமாக, அழுகிய இலைகள் மிதக்கும் தண்ணீர். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தெய்வசிகாமணி குனிந்து அப்பாவின் காதோரம் வாயை வைத்தார்.

"நல்ல நீலம்ண்ணே" என்றார்.

"கடல் மாரி" என்றாள் அத்தை.

கமலக்கண்ணன் போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு மண்டியிட்டான். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டான். குளிரில் அவன் உதடு கோணிக்கொண்டது.

"அப்பா, பாருங்கப்பா. கைய உட்டுக் காட்றேன்."

அடுத்த இழுப்புக்காகக் காத்திருப்பது அஞ்சலாட்சிக்குப் பழகிப்போயிருந்தது. காத்திருந்தாள். அது வரவில்லை. அத்தையின் இடது கை முந்தானையோடு வாய்க்குப் போனது. அஞ்சலாட்சி தலையசைத்து, சத்தம் வராமல் அவளை நிறுத்தினாள்.

"அஞ்சல, அப்பாவுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"இன்னும் கொஞ்சம் அப்படியே வச்சிருக்கட்டா?"

அப்பாவின் குதிகாலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. திரையில் ஓர் இலை மிதந்து வந்து அண்ணனின் கையில் ஒட்டியது. அவன் கையை எடுக்கவில்லை.