வியாழக்கிழமைப் புகை

ஆம்பூரில் வெள்ளிக்கிழமை என்றால் தோல் பதனிடுகிற டேனரிகளுக்கு லீவு. சங்கு ஊதாது, பாய்லர் ஓடாது, புகைபோக்கிகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும். மற்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கிற மவுசு இங்கே வெள்ளிக்குத்தான். இது ஊருக்கே தெரிந்த விஷயம். இதை நம்பித்தான் இன்பம் டீச்சர் அன்றைக்கு மோசம் போனாள்.

இன்பம் மிஷன் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவள். அவளுடைய அக்கா ஜெயபுஷ்பம் அதே பள்ளியின் போர்டிங்கில் சமையல்காரி. புருஷன் போன பிறகு அந்தச் சமையல்கட்டில் நின்றே தங்கையைப் படிக்கவைத்தவள். கட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல், புகைபோக்கி கிடையாது. வேலிக்காத்தான் விறகு ஈரமாக வந்துவிட்டால் உள்ளே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. இருமலைக் கேட்டுத்தான் அக்கா என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார், இன்னும் இரண்டு வருஷம் இந்தப் புகையில் நின்றால் அப்புறம் எங்கேயும் நிற்க முடியாது என்று. வேலையை விடலாம் என்றால், கட்டுக்குப் பின்னால் இருக்கிற அறைதான் அவளுக்கு வீடு. அதோடு, தங்கை சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு ரோஷம் விடாது.

அந்தச் சமயம்தான் சர்க்கார் சூரிய அடுப்பு விற்க ஆரம்பித்திருந்தது. டிரங்குப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் முகம் பார்க்கிற கண்ணாடி, உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்த பாத்திரங்கள். இன்பம் ஒன்றை வாங்கிவந்தாள். போர்டிங்குக்குப் பன்னிரண்டு பெட்டியாவது வேண்டும். பள்ளிக் கமிட்டி செயலாளர் ஐசக், "ஒருவாட்டி எங்க கண்ணு முன்னால வேகவெச்சுக் காட்டும்மா. வருஷம் பூரா வேகும்னு தெரிஞ்சா பாதி கமிட்டி குடுக்கும், பாதிக்கு வஹீத் பாயைக் கேக்கலாம்" என்றார். அப்துல் வஹீத் டேனரி முதலாளி. அவருடைய இரண்டு பெண்களும் இன்பத்திடம்தான் படித்தார்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் சிநேகிதி வீட்டு மாடியில் வைத்துப் பார்த்தபோது சோறு பூப்போல வெந்தது. ஆம்பூரில் வேலை நாட்களில் வைத்தால் அரைவேக்காடு. மேலே போகிற புகையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிட்டது. அப்படியானால் வெள்ளிக்கிழமை வைப்போம், புகையே இருக்காது என்று கணக்குப் போட்டாள். இப்படி யோசிக்கிறவளைப் புத்திசாலி இல்லை என்று யார் சொல்வார்கள்?

பொங்கல் லீவுக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள். அடுப்பு நாலைந்து நாளாக அணைந்து கிடந்ததில் ஜெயபுஷ்பத்தின் இருமலும் கொஞ்சம் அடங்கியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில், சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிற வெட்டவெளியில் இன்பம் அரிசியும் தண்ணீரும் போட்ட பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். ஐசக்கோடு பார்க்க வருகிற வஹீத் பாய் ஜும்மா தொழுகைக்குப் போகிறதற்குள் சோறு வெந்தாக வேண்டும்.

வெயில் அடித்தது, நிழலும் விழுந்தது. புகைபோக்கி ஒன்றிலும் புகை இல்லை. ஆனால் பெட்டிக்குள் வைத்த தெர்மாமீட்டர் பாதி வழியில் ஏறி நின்றுவிட்டது. மூடியை எப்படித் திருப்பி வைத்தாலும் அதற்கு மேல் அசையவில்லை.

"இன்னாடி, உன் சூரியன் இன்னும் பல்லு வெளக்கலையா?" என்றாள் ஜெயபுஷ்பம்.

"சும்மா இருக்கா. பாய் வர்ற நேரமாவுது."

இன்பம் அண்ணாந்து பார்த்தாள். வானம் நீலமாக இல்லை, கழுவாத பால் பாட்டில் நிறத்தில் இருந்தது. தெற்கே ஜவ்வாது மலை இருக்கிற இடத்தில் லேசாக ஒரு கறைதான் தெரிந்தது. பனி என்று சொல்லலாம் என்றால் மணி பத்தைத் தாண்டிவிட்டது. இலை அசையவில்லை. இலை அசைந்தே இரண்டு நாளாயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

புகை இன்றைக்கு வரவில்லை, சரி. நேற்று வந்த புகை எங்கே போயிற்று? காற்றே இல்லாத பாலாற்றுப் பள்ளத்தில் அது எங்கேயும் போகவில்லை, தலைக்கு மேலேயேதான் கிடக்கிறது. புகைபோக்கியை விட்டுக் கிளம்பும்போது கரித்துகள் உலர்ந்து உதிரியாகக் கிளம்புகிறது. ராத்திரி முழுக்க மிதந்ததில் டேனரிக் குழிகளின் ஆவியும் பனி ஈரமும் அதன்மேல் படிந்து போர்த்திக்கொள்கிறது. நீர்த்துளி ஒரு லென்ஸ் என்று பத்தாம் வகுப்பில் அவளே வருஷா வருஷம் கத்துகிறாள். துளிக்கு நடுவில் கரி உட்கார்ந்துகொண்டால், பக்கத்தில் ஒதுங்கிப் போகிற வெளிச்சம்கூட வளைந்து அதன்மேல்தான் விழும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிற புதுப் புகையைவிட, வெறும் மூட்டம்போலப் பரவிக் கிடக்கிற பழைய புகையின் ஒவ்வொரு துகளும் வெயிலை ஜாஸ்தியாகத் தின்னும். இப்படி எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வேறு எப்படி யோசித்தாலும் தெர்மாமீட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்ப சோறு வேகாதா?" என்றாள் ஜெயபுஷ்பம்.

"வேகாதுக்கா. வெயிலு மேலயே நின்னு போச்சு."

"அட ஆண்டவரே! அங்க யாருடி சாப்பிடப் போறாங்க?"

வாசலில் கார் வந்து நின்றது. ஐசக்கின் குரல் கேட்டது. "நீ போய் அவங்களுக்குப் புதுக் கட்டடத்தைச் சுத்திக் காட்டு, பெட்டியை நான் பாத்துக்கிறேன்" என்று ஜெயபுஷ்பம் அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இன்பம் போனாள்.

திரும்பி வந்தபோது வஹீத் பாய் உற்சாகமாகத்தான் இருந்தார். "நம்ம ஊர்ல வெயில்லயே பிரியாணி வெந்துடும்னா, கடைக்காரனுங்க கதி இன்னா ஆவுறது டீச்சரம்மா?" என்று சிரித்தார். இன்பம் பெட்டியின் கண்ணாடியைத் தூக்கினாள். குப்பென்று ஆவி அடித்தது. பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். சோறு பொலபொலவென்று வெந்து கிடந்தது.

"ஸ்தோத்திரம்!" என்றார் ஐசக். வஹீத் பாய் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்து, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். பேஷ்! பன்னெண்டு பெட்டிக்கும் சொல்லிடுங்க ஐசக் சார்" என்றார்.

வெள்ளைத் துண்டால் பிடித்துப் பாத்திரத்தை வெளியே எடுத்த இன்பம், துண்டைப் பார்த்தாள். அடுப்புக்கரி அப்பியிருந்தது. பெயிண்ட் இப்படி ஒட்டாது. கறுப்புப் பாத்திரத்தில் கரி தெரியாது என்று அக்கா சரியாகத்தான் நினைத்திருக்கிறாள், பாவம், துண்டு வெள்ளை என்பதை மறந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவள் சோற்றையே சோற்றில் மறைத்துவிட்டாள்.

இன்பம் சமையல்கட்டைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. புகை வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த ஒரே ஜன்னலையும் அடைத்திருந்தாள் அக்கா. உள்ளே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. நாலைந்து நாளாக அடங்கியிருந்த இருமல்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் பன்னிரண்டு பெட்டி வரும். அப்புறம் ஒவ்வொரு தை மாசமும் காற்று நிற்கிற நாளெல்லாம் அக்கா ஜன்னலை அடைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அடுப்பு மூட்டுவாள். செத்தாலும் தங்கையைக் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

"இது வெயில்ல வெந்த சோறு இல்ல, பாய்" என்றாள். "எங்கக்கா உள்ள அடுப்புல வெச்சு எடுத்தது." ஓடிப்போய் ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டாள். புகை மொத்தமாக வெளியே வந்தது, அதற்குப் பின்னால் கண்ணெல்லாம் சிவந்து ஜெயபுஷ்பம் வந்தாள்.

ஐசக்கின் முகம் சுண்டிவிட்டது. "ஏம்மா வேகல? நல்ல வெயில்தானே?"

"நேத்து டேனரிப் புகை மேலயே நிக்குது, சார்."

"நாங்கதான் இன்னிக்கு லீவாச்சே. அது பனி" என்றார் வஹீத் பாய். குரலில் சூடு ஏறியிருந்தது.

"பதினோரு மணிக்கு மேல பனி ஏது பாய்? மலை தெரியுதா பாருங்க. புகை பழசாச்சுன்னா கறுப்பாத் தெரியாது, ஆனா வெயிலை அதுதான் ஜாஸ்தி குடிக்கும். காத்து அடிக்கிற மாசத்துல இந்தப் பெட்டியில நல்லா வேகும். இந்த மாசத்துல வேகாது. நான் பொய் சொல்லமாட்டேன்."

வஹீத் பாய் மலை இருக்க வேண்டிய திசையைப் பார்த்தார். அப்புறம் சமையல்கட்டு வாசலில் குந்திக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிற ஜெயபுஷ்பத்தைப் பார்த்தார். தொழுகைக்குக் கிளம்பிப் போய்விட்டார். "வருஷம் பூரா வேகாத பெட்டிக்குக் கமிட்டி ஒத்துக்காதும்மா" என்று சொல்லிவிட்டு ஐசக்கும் போனார்.

"கெடுத்தியேடி பாவி!" என்று ஜெயபுஷ்பம் அழுதாள். "நான் அவ்ளோ பேஜார் பட்டு வேகவெச்சது எதுக்கு? வாயை மூடிட்டு நின்னா உனக்கு இன்னா கொறைஞ்சு போச்சு?"

"நீ இருமினியே" என்றாள் இன்பம். அக்காவின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஒரு கைவண்டி வந்தது. மேலே, பழைய பாய்லரிலிருந்து கழற்றிய நீளமான இரும்புக் குழாய். கூட வந்த ஃபிட்டர் அமீர் பாஷா சொன்னார்: "ஷெட்ல சும்மாதான் கெடந்துச்சு. மொதலாளி அடுப்புக்கு மேல மாட்டிட்டு வரச் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல." சாயங்காலத்துக்குள் ஓட்டைப் பிரித்துக் குழாயை நிறுத்திவிட்டார்.

பிள்ளைகள் திரும்பி வந்த அன்றைக்கு ஜெயபுஷ்பம் அடுப்பு மூட்டினாள். புகை ஒரு பொட்டு உள்ளே நிற்காமல் குழாய்க்குள் ஏறி, ஓட்டுக்கு மேலே போய், டேனரிப் புகைகளோடு சேர்ந்துகொண்டது. வெளியே நின்ற இன்பம் அதைப் பார்த்தபடி இருந்தாள். இப்போது கறுப்பாகத் தெரிகிறது. நாளைக்குப் பழசாகிவிடும்.

"அங்க இன்னாடி பாக்கிற?" என்று ஜெயபுஷ்பம் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"நம்ம வெயிலும் சேந்து போவுதுக்கா."

"போவட்டும் விடு" என்றாள் ஜெயபுஷ்பம். "எனக்கு மூச்சு வருது."

அடுப்பு எரிகிறபோது இருமாமல் ஒரு முழு வாக்கியத்தை அவள் பேசிக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. இன்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூரிய அடுப்பைத் தூக்கிக் குழாய்ப் புகை எட்டாத வெயில் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.