காதில் வாங்குவதே இல்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு அட்டைத் துண்டிலிருந்து வந்தது. ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் சிவப்பு. பழைய பிசிக்ஸ் நோட்டுக்குள் அது அகப்பட்டபோது அடுப்பில் பால் இருந்தது. பால் பொங்கி அடுப்பையே அணைத்த பிறகும் எனக்கு எழ மனமில்லை. கையில் கிடைத்த காகிதத்தில் முதல் வரியை எழுதிவிட்டேன்:

"1964ஆம் வருஷம் ஆடி மாதம், காவிரி இரு கரையும் தொட்டு ஓட..."

[நிறுத்து. திருச்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காவிரி கேட்காமலே வந்துவிடுகிறது. இந்தக் கதைக்கு அது வேண்டாம்.]

2

மறுபடியும். 1964. ஜங்ஷன் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி, பெயர் சொல்லமாட்டேன். பி.யு.சி. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். மூன்றாம் பெஞ்சில் நான். பெயர் வள்ளிக்கண்ணு, முசிறிப் பக்கத்திலிருந்து வந்த ஹாஸ்டல் பெண். பிசிக்ஸ் எடுத்தவர் மயிலம்மாள் மிஸ், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். போர்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எழுதுவார். நாலு வரிக்கு ஒருமுறை திரும்பி, "புரியுதா?" என்பார். நான் "இல்ல மிஸ்" என்பேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

(பாடம் 'ஒலி' என்று முதலில் எழுதினேன். கதைக்கு அது ரொம்ப சௌகரியமாக இருந்ததால் அடித்துவிட்டேன். நிஜத்தில் பாடம் லென்ஸ்.)

திமிர் என்றுதான் நினைத்தேன். பட்டிக்காட்டுப் பெண்ணுக்கு இது போதும் என்று நினைக்கிறார் போலும் என்று எரிந்தது. ஒரு புதன்கிழமை, பெயர் போடாமல் பிரின்சிபாலுக்குப் புகார் எழுதி, அவர் அறை வாசல் பெட்டியில் போட்டேன். அதில் ஒரு வரி இன்னும் மனப்பாடம்: "நாங்கள் என்ன சொன்னாலும் பிசிக்ஸ் மிஸ் காதில் வாங்குவதே இல்லை."

3

நஜீமாவை இங்கே கொண்டுவர வேண்டும். முன்பே வந்திருக்க வேண்டியவர், கோபத்தில் மறந்துவிட்டேன்.

நஜீமா பாலக்கரைக்காரர், அந்த வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்தார். மிஸ்களோடு உட்கார்ந்து அவர்களுடைய பாடங்களைப் புதிதாக அமைத்துக் கொடுப்பதும், மெஷின்களை வகுப்புக்குள் கொண்டுவருவதும் அவர் வேலை. ஸ்லைடு காட்டும் ப்ரொஜக்டர் ஒன்றும் டேப் ரெக்கார்டர் ஒன்றும் இருந்தன. அவர் வராந்தாவில் தென்பட்டால் மிஸ்கள் லைப்ரரிக்குள் நுழைந்துவிடுவார்கள். துணிந்தவர் ஹிஸ்டரி மிஸ் ஒருவர்தான். ஸ்லைடைத் திருப்பிப் போட்டு, தாஜ்மஹாலைத் தலைகீழாகத் தொங்கவிட்டபடியே பாடத்தை முடித்தார்.

என் புகாருக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, எங்கள் பிசிக்ஸ் வகுப்பு முழுவதையும் நஜீமா டேப்பில் பதிவு செய்தார். வியாழக்கிழமை நாற்பத்திரண்டு அட்டைகளோடு வந்தார். நடுவில் ஸ்டோர் ரூமில் அவரும் மயிலம்மாள் மிஸ்ஸும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதித்தான் பார்க்க வேண்டும்.

4

முதல் வரைவு:

"அக்கா, ஒரு பொண்ணு பதினோரு தடவை 'இல்ல மிஸ்'ங்கறா. நீங்க கண்டுக்கவே இல்லையே" என்றார் நஜீமா. மயிலம்மாள் மிஸ் கண் கலங்கி

[மிஸ் கண் கலங்குகிறவர் இல்லை.]

இரண்டாம் வரைவில் நஜீமா பேசாமல் டேப்பை அழித்துவிடுகிறார்.

[எல்லோரையும் நல்லவர்களாக்கப் பார்க்கிறேன். அழித்திருந்தால் பதினொன்று என்ற கணக்கு மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? அவரே பிறகு என்னிடம் சொன்னாரே.]

மூன்றாவது. இதை எழுதும்போது என் கை ஓடுகிறது:

நஜீமா டேப்பை ஓடவிட்டார். மிஸ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சத்தமா வைங்க நஜீமா."

நஜீமா குமிழைத் திருகினார்.

"இன்னும்."

கடைசிவரை திருகியாயிற்று. ஸ்டோர் ரூம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மிஸ் குனிந்து மெஷின்மேல் காதை வைத்துக்கொண்டார். பெஞ்ச் இழுபடுகிறது, வளையல் குலுங்குகிறது, யாரோ தும்முகிறாள். தன் வகுப்பின் சத்தத்தை மிஸ் சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் 'இல்ல மிஸ்' வந்தது. சிரிப்பு நின்றது. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

நஜீமா உதடு தெரிகிற மாதிரி எதிரே வந்து நின்றார். "எத்தனை வருஷமாக்கா?"

"நாலு. கிட்ட நின்னு பேசினா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். மூணாவது பெஞ்சுலேர்ந்து முடியல. தெரிஞ்சா ஆபீஸ்ல உட்கார வெச்சுருவாங்க. எனக்குக் க்ளாஸ் எடுக்கணும், நஜீமா."

"அப்ப பாடத்தையே பிரிச்சுப் போட்டுக் கட்டுவோங்க. காதுக்கு வேலையே இல்லாம."

5

இனி நான் கண்ணால் பார்த்தது.

பாலக்கரையில் நஜீமாவின் மாமா குத்புதீனுக்கு அச்சகம் இருந்தது. அட்டைகள் அங்கே மிஞ்சிய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியவை. என்னுடையதில் 'திருவளர்செல்வி' என்பதில் பாதி இருந்தது. புரிந்தால் மஞ்சள், புரியாவிட்டால் சிவப்பு. மிஸ்ஸின் நாலு பக்க டிக்டேஷன் போய்விட்டது. சின்னச் சின்னப் பகுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி.

"புரியுதா?"

சிவப்பைத் தூக்கினேன். சுற்றிப் பார்த்தால் இன்னும் பத்தொன்பது சிவப்பு. இத்தனை நாளும் நான் ஒருத்திதான் மக்கு என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுத!

மிஸ் போர்டு முழுவதையும் அழித்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, சுவரில் சுடரைத் தலைகீழாக எரியவிட்டார். மறுபடி கேட்டபோது அறை முழுக்க மஞ்சள்.

மணி அடித்ததும் என்னிடம் வந்தார். "திங்கக்கிழமை பதினோரு தடவை இல்லன்னு சொல்லியிருக்கே, வள்ளிக்கண்ணு. எனக்குக் காது கேட்காதும்மா. யார்கிட்டயும் சொல்லாதே."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். நான் புகார் எழுதிப் பெட்டியில் போட்டு அப்போது ஒரு நாள் ஆகியிருந்தது.

6

அடுத்த திங்கட்கிழமை, மிஸ் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். பின் கதவில் பிரின்சிபால். கையில் நாலாக மடித்த காகிதம். அது என் நோட்டிலிருந்து கிழித்தது.

"மயிலம்மாள்."

சாக்பீஸ் நிற்கவில்லை.

"மயிலம்மாள், உங்களைத்தான்."

நான் சிவப்பைத் தூக்கினேன். பக்கத்துப் பெண் என்னைப் பார்த்துவிட்டு அவளும் தூக்கினாள். முன் பெஞ்ச், கடைசி பெஞ்ச், நாற்பத்திரண்டும் சிவப்பு. போர்டில் இருந்தது தலைப்பு மட்டும்தான், அதில் புரியாமல் போக ஒன்றுமே இல்லை. எழுதி முடித்து மிஸ் திரும்பினார், எங்களைப் பார்த்தார், பிறகு எங்கள் தலைகளுக்கு மேலே கதவைப் பார்த்தார்.

மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கதவுக்குப் போனார். "நீங்களும் ஒண்ணு வெச்சுக்கோங்க மேடம். இந்த க்ளாஸ்ல வாயால சொல்ற பதில் செல்லாதுங்க."

திரும்பி வந்து மெழுகுவர்த்தி ஏற்றினார். அந்தப் பத்து நிமிஷம் மாதிரி அவர் பாடம் எடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் கேட்டார்: "புரியுதா?"

நாங்கள் மஞ்சளைத் தூக்கினோம். எங்களுக்குப் பின்னால் பிரின்சிபாலின் பட்டுப்புடவை சரசரத்தது. அவரும் கையைத் தூக்குகிறார். எந்த நிறம் என்று திரும்பிப் பார்க்க ஒருத்திக்கும் தைரியம் இல்லை. மிஸ் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

7

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் மயிலம்மாள் மிஸ் எங்களுக்கு வருஷம் முழுவதும் பாடம் எடுக்கிறார். மற்றதில் மறுநாளிலிருந்து ஆபீஸில் அட்மிஷன் ஃபாரங்களை அடுக்குகிறார். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டையும் கிழிக்கப் போகிறேன்.

ஏனென்றால் ஆறு பகுதியாக நானும் போர்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் 'இல்லை' என்று எத்தனை தடவை சொன்னீர்களோ, ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. இப்போது திரும்புகிறேன். பின் கதவில் நிற்பது நீங்கள். ஒரு கையில் நான் எழுதிய புகார் இருக்கிறது, மறு கையில் மிஸ் கொடுத்த அட்டை.

புரியுதா?