மூக்கர் மோந்து பார்த்த ஒயின்

ஒயின் கடையில் விற்பனைக்கு நின்ற அவரை எல்லோரும் மூக்கர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தார். விலை குறைந்த சிவப்பு ஒயின்கள் கிடக்கும் கீழ்த்தட்டில் குனிந்து, குப்பைக்கு நடுவே குடிக்கத் தகுந்த ஒன்றை உருவி எடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருமுறை ஒரு பாட்டிலை முகர்ந்துவிட்டு, இந்தத் திராட்சையை மிதித்தவனுக்கு இடது காலில் ஆணி இருக்கிறது என்றார். முதலாளி ஆள் விட்டு விசாரித்தார். வலது காலில்தான் ஆணி என்று பதில் வந்தது. மிதித்தவனுக்குத்தான் ஞாபகப் பிசகு என்று கடையில் ஒருமனதாக முடிவானது.

அப்பேர்ப்பட்ட மூக்கு ஒரு ஜலதோஷத்தில் செத்துப்போனது. கடைசித் தும்மலுக்கு மேல்தட்டுப் பாட்டில்களெல்லாம் லேபிளை மறைத்துக்கொண்டு திரும்பி நின்றன. ஜலதோஷம் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரோஜாவும் பினாயிலும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்து முகத்தைப் பார்ப்பார். புருவம் ஏறினால் ஒயின் நல்லது. உதடு கோணினால் பாட்டில் தட்டின் பின்பக்கம் போய்விடும். பிழைப்பு ஓடியது. முகம் கழுவும்போது மட்டும் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இப்படியிருக்கும்போது தங்கை மகளுக்குக் கல்யாண விருந்து வந்தது. தங்கை புருஷன், பஸ் ஓட்டுகிறவர், கடையில் வந்து நின்றார்.

"மச்சான், விலை கையைக் கடிக்கக் கூடாது. ஆனா சம்பந்தி வீட்டுக்காரங்க குடிச்சுட்டு வாயைப் பொளக்கணும். என் மானமே உங்க மூக்குலதான் இருக்கு."

"கவலைய விடுங்க மாப்பிள."

அதற்கு முந்தின நாள் ஒரு பல் டாக்டரின் புருவம் நெற்றியைத் தாண்டி வழுக்கைவரை ஏறிய ஒயினையே எடுத்துக் கொடுத்தார். நல்ல ஒயின்தான். தங்கை புருஷனான மாப்பிள்ளை அதைக் கொண்டுபோய் வீட்டு வெந்நீர் பாய்லர் பக்கத்தில் அடுக்கி வைத்தார். விருந்து வரும்வரை அது அங்கேயே வெந்துகொண்டிருந்தது.

விருந்தன்று காலையில் மாப்பிள்ளை ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினார். "சரியா இருக்கான்னு பாருங்க மச்சான்."

மூக்கர் முகர்ந்தார். பழக்கதோஷத்தில் கண்ணை மூடினார். "அருமை," என்றார்.

கூடத்தில் சம்பந்தி முதல் மடக்கைக் குடித்தார். கண்ணில் நீர் கட்டியது. எதிரே மூக்கர் நிற்பதைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார். "ஆகா! மழையில நனைஞ்ச மண் வாசனை!"

"எனக்குப் புகையிலை தெரியுது," என்றார் அவர் தம்பி.

மூக்கர் முகங்களைப் பார்த்தார். புருவங்கள் ஏறியிருந்தன. உதடுகளும் கோணியிருந்தன. இரண்டையும் ஒரே முகத்தில் அவர் அதுவரை கண்டதில்லை.

தங்கை அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். ஒரு கிளாஸை நீட்டினாள். "அண்ணா, இதை மோந்து சொல்லு."

"ம்ம்... செர்ரிப்பழம். கொஞ்சம் மிளகு. கடைசியில லேசா புகை."

"சாலட்டுக்கு வாங்கின வினிகர் அண்ணா இது. வெளியில ஊத்துறதும் இப்படித்தான் இருக்கு. எப்போலேர்ந்து உனக்கு மூக்கு இல்ல?"

"அந்த ஜலதோஷத்துலேர்ந்து."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவர் அங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு எல்லாருக்கும் ஊத்திக்கிட்டிருக்கார்," என்று மட்டும் சொன்னாள்.

மூக்கர் கூடத்துக்கு வந்தார். பேசாமல் இருந்திருந்தால் பேர் பிழைத்திருக்கும். அத்தனை பேரும் பாராட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சம்பந்தி தோளில் கை போட்டார். "எங்க வீட்டு விருந்துக்கும் இதையே நீங்க எடுத்துத் தரணும்."

"வேண்டாங்க. இது காடியாப் போச்சு. எனக்கு வாசனையே தெரியாது," என்றார் மூக்கர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மண் வாசனைக்காரர் நைசாக நகர்ந்து தம் கிளாஸை மூலையிலிருந்த பூந்தொட்டியில் கவிழ்த்தார். அந்தச் செடி இன்றுவரை விருந்தாளி வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

மாப்பிள்ளை கையில் பாட்டிலோடு அப்படியே நின்றார். "காலையில மோந்துட்டு அருமைன்னீங்களே மச்சான்."

"சொல்ல வெக்கமா இருந்துச்சு மாப்பிள."

"இப்ப?"

"இப்ப இன்னும் ஜாஸ்தி."

மாப்பிள்ளை பாட்டிலைக் கீழே வைத்தார். "கடை திறந்திருக்குமா? வாங்க. நீங்க எடுத்துக் குடுங்க, நான் மோந்து பாக்கறேன்."

கடையில் மூக்கர் கீழ்த்தட்டில் குனிந்து ஒன்றை உருவித் திறந்து கொடுத்தார். மாப்பிள்ளை நெடுநேரம் முகர்ந்தார்.

"டீசல் வாடை அடிக்குது மச்சான்."

"அது உங்க கை. கழுவிட்டு வாங்க."

கல்லாவிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன மூக்கரே, நீங்க சும்மா நிக்கறீங்க, அவர் மோந்துகிட்டிருக்கார்?"

ஒருமுறை சொல்லியாயிற்றே, இரண்டாவது முறை லேசாக இருக்கும் என்றுதான் மூக்கர் நினைத்திருந்தார். பாட்டிலைத் தட்டில் வைத்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். காது மடல்வரை சூடு ஏறியது.

"அது ஒண்ணுமில்ல மொதலாளி," என்று தொடங்கி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து, அந்த ஜலதோஷத்திலிருந்தே சொன்னார்.