சமையலிலிருந்து பார்க்கிங்குக்கு

1.

இந்தக் கதையின் முதல் வரைவு ஒரு பொய்யில் தொடங்கியது. சான்டா கிளாராவில் எங்கள் அலுவலகத் தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாவில் ஒருவனுக்கு நடந்த அநியாயத்தைக் கண்டு கொதித்து எழுத உட்கார்ந்தேன் என்று எழுதியிருந்தேன். கொதிக்கவெல்லாம் இல்லை. வெலவெலத்துப்போய் உட்கார்ந்தேன்.

2.

"இளம்பரிதி பொங்கல் வைத்தால் ஊரே..." (அடித்துவிட்டேன். கெட்டிக்காரன் என்று காட்டினால்தான் அவனுக்காக இரங்குவீர்களா?)

"கடல் தாண்டியும் சாதி..." (கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். பரிதி எங்கள் குழுவில் சேர்ந்து எட்டு மாதம். விழா வேலைகளுக்கு ஓர் இணையப் பட்டியல் உண்டு. யாரும் திறந்து எழுதலாம். 'சமையல்' கட்டத்தில் அவன் தன் பெயரைப் போட்டான். மறுநாள் அது 'பார்க்கிங்' கட்டத்தில் இருந்தது.

3.

மேலாளர் முகுந்தன்தான் விழாத் தலைவரும். அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. காபி ஊற்றிக்கொண்டே என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பரிதி எந்த ஊரு?"

"திருக்கோவிலூர் பக்கம்."

"பக்கம்னா?"

(இந்தக் கேள்விக்கு ஊர்ப் பெயர் போதாது. தெரு வரை போக வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.)

என் சித்தப்பாவுக்கு அங்கே உரக்கடை. வாட்ஸ்அப்பில் கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில். முந்தைய வரைவில் "தகவல் கசிந்தது" என்று எழுதியிருந்தேன். கசியவில்லை, நான்தான் முகுந்தனிடம் போய்ச் சொன்னேன்.

"எனக்கெல்லாம் ஒண்ணுமில்லப்பா," என்றார் முகுந்தன். "பெரியவங்க சாப்பிட வருவாங்க, எதுக்கு வம்பு? நீயே மாத்திடு. புது ப்ராஜெக்டுக்கும் வேற ஆளப் பாப்போம்."

4.

நேற்று மதியம் பரிதி சாப்பாட்டுத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ப்ராஜெக்ட்லருந்து தூக்கிட்டாங்கணா. வேல போச்சுன்னா விசாவும் போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு ஹெச்.ஆர். கிட்ட, சாதி பாக்குறாங்கன்னு புகார் குடுக்கப் போறேன். நீங்க சாட்சி சொல்வீங்கல்ல?"

"சொல்றேன்டா," என்றேன். (இந்த வரியை நான் புனையவில்லை.)

"பேர யாரு மாத்துனாங்கன்னு அந்த ஷீட்டே காட்டுமாம். வேற யாரையும் நம்பலணா, அதான் உங்ககூட சேந்து பாக்கலாம்னு."

மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, பழைய திருத்தங்களைத் திறந்தான். என் பெயர், தேதி, நேரம்.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். இதெல்லாம் பதிவாகும் என்று தெரியாதவன் இல்லை. மறைக்க வேண்டிய காரியம் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை. ஐயோ, தோன்றவே இல்லை!

5.

முடிவு அ: பரிதி என் சட்டையைப் பிடித்தான். (எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.)

முடிவு ஆ: நான் அவன் கையைப் பிடித்து... (சீ.)

நடந்தது இது. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கை தெரியாம பட்டிருக்கும், இல்லணா?"

"ஆமாடா," என்றேன்.

"சரிணா. அப்ப நாளைக்கு வந்துடுங்க."

அந்த நாளைதான் இன்று. மணி ஒன்பதே முக்கால். அவன் உள்ளே போனதும் என்னைக் கூப்பிடுவார்கள். இதற்கு மேல் நான் எழுதினால் என்னைக் காப்பாற்றித்தான் எழுதுவேன். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.