மாடிக்கு ஏறிய சூடு

வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் விலை எகிறிய அந்தக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் வெர்மாண்டில் பாதி வீடுகள் விறகு அடுப்புக்குத் திரும்பியிருந்தன. ராய்ஸின் வீட்டிலும் கீழறையில் அடுப்பு கனன்றது. மாடியில் குழந்தை ஹாட்டியின் அறையிலோ குவளைத் தண்ணீர் உறைந்தது. அடுப்புக்கு நேர் மேலே மச்சில் பதித்திருந்த இரும்புக் கிராதி வழியாக ஏறும் சூடு போதவில்லை என்று, ராய்ஸ் அன்று மத்தியானம் அதில் ஒரு மின்விசிறியை மாட்டினான்.

"இனிமே உன் மக மாடியில வெயில் காயப்போறா," என்றான் மனைவியிடம்.

"கோழிக்கூண்டுக்கு விளக்கு மாட்டினப்பவும் இதையேதான் சொன்னே. கோழி வறுபட்டதுதான் மிச்சம்," என்றாள் அடெலா.

"ரெண்டு தட்டு சாப்பிட்டது யாராம்?"

அவன் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போனான். ஹாட்டியைத் தூங்கவைத்து இறங்கிய அடெலா, சூடு வீணாகாமல் படிக்கட்டுக் கதவைச் சாத்தினாள். ஜன்னல்களை இலையுதிர்காலத்திலேயே ஆணியடித்து, பிளாஸ்டிக் தாளால் மூடியாகிவிட்டது.

அடுப்பருகே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவளுக்குத் தலை வலித்தது. விறகு போட அடுப்பைத் திறந்தாள். புகைபோக்கிக்குள் போகவேண்டிய புகை அவள் முகத்தை நோக்கி வந்தது. பிறகு நூல்போல் வளைந்து, நேராக விசிறிக்குள் ஏறி மறைந்தது.

விசிறி காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. படிக்கட்டுக் கதவும் சாத்திய அந்தக் கீழறைக்குக் காற்று வர ஒரே வழி புகைபோக்கிதான். அடுப்பின் நச்சுப் புகையையெல்லாம் விசிறி மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

அவள் கத்தியைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். ஹாட்டியின் அறை அருமையாக, கதகதப்பாக இருந்தது. அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"ஹாட்டி. ஏய், தங்கம்."

தூக்கியதும் குழந்தையின் தலை தொங்கியது. ஜன்னலை இழுத்துப் பார்த்தாள், ஆணி அசையவில்லை. குழந்தையைக் கம்பளியில் சுருட்டிக்கொண்டு, காலுறையோடு பனிக்குள் இறங்கித் தொழுவத்துக்கு ஓடினாள்.

மாட்டின் பக்கத்திலிருந்து ராய்ஸ் தலையைத் தூக்கினான். "கிறுக்கா உனக்கு? இந்தக் குளிர்ல பிள்ளைய..."

"எழுந்திரிக்க மாட்டேங்கிறா, ராய்ஸ். அந்த விசிறி புகைய இழுத்து மேல விட்டிருக்கு."

வாளி கவிழ்ந்தது. அவன் குழந்தையின் பாதங்களைத் தேய்த்தான். அடெலா குழந்தையின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாடுகள் அசைபோட்டன. கடைசியில் ஹாட்டி அவன் சட்டையில் பாலைக் கக்கி, வீறிட்டு அழுதாள்.

"விசிறிய நிறுத்திட்டு வரேன்," என்று அவன் எழுந்தான்.

அடெலா அவன் சட்டையைப் பிடித்தாள். "மூச்ச அடக்கிட்டுப் போ. ஜன்னல் எல்லாத்தையும் உடைச்சுப் போடு. அங்க எங்கயும் உக்காந்துடாதே."

அவன் தலையசைத்தான். வீட்டை நோக்கி ஓடினான்.

தொழுவ வாசலில் நின்று பார்த்தாள். கீழே ஒரு ஜன்னல் உடைந்தது. இன்னொன்றும் உடைந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அழும் குழந்தையை அணைத்தபடி அவள் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடி ஜன்னலின் கண்ணாடி சிதறியது. அவன் தலையை வெளியே நீட்டி, வாய் பிளந்து காற்றைக் குடித்தான்.

"வீடு உறைஞ்சு போயிடும், அடெலா," என்று அங்கிருந்து கத்தினான்.

"உறையட்டும். நீ கீழ வா."